பல்லைக் கேளுங்க: கேப் போடணுமா, ஆன்லே போதுமா, இல்ல புடுங்கிடலாமா?

போன தடவை ரூட் கனால் (பல்லுக்குள்ள இருக்கிற நரம்பை எடுத்துட்டு அடைக்கிறது) பத்தி எழுதினதும் எழுதினேன், அதுக்கப்புறம் வந்து குவிஞ்ச கேள்வில முக்கால்வாசி "சரி, ரூட் கனால் முடிஞ்சுது, அடுத்து என்ன"ங்கிறது தான். கேப் போட்டே ஆகணுமா, எந்த கேப், ரெண்டு டாக்டர் ரெண்டு விதமா சொல்றாங்களே, பல்லு ஈறோட உடைஞ்சு போச்சே... ஒரே மாதிரி இருந்ததை எல்லாம் சேர்த்து ஒண்ணாக்கிட்டேன், பேர் ஊர் எடுத்துட்டேன். ஒண்ணு முன்னாடியே சொல்லிடுறேன், எந்த கேள்விக்கு பதில் சொன்னாலும் நான் சுத்தி சுத்தி ஒரே இடத்துக்கு தான் வருவேன், உங்க சொந்த பல்லு எவ்வளவு மிச்சம் இருக்குங்கிற இடத்துக்கு. போரடிச்சா பொறுத்துக்கோங்க.

கேள்வி: டாக்டர், கீழ் கடைவாய்ப் பல்லுல ரூட் கனால் பண்ணி ஆறு மாசம் ஆச்சு. சுத்தமா வலி இல்ல, நல்லா மெல்லுறேன். ஆனா பண்ணின டாக்டர் ஃபோன் பண்ணி ஃபோன் பண்ணி கேப் போட வாங்கன்னு கூப்பிடுறாங்க. வலியே இல்லாத பல்லுக்கு எதுக்கு கேப்? பில்லை ஏத்தத் தானே?

பதில்: உங்க சந்தேகம் எனக்கு புரியுது, ஆனா இந்த விஷயத்துல நான் உங்க டாக்டர் பக்கம். வலி இல்லைங்கிறது பல்லு பலமா இருக்குன்னு அர்த்தம் இல்ல, உள்ள இருந்த நரம்பை எடுத்தாச்சு, அதனால உள்ள இருந்து சத்தம் வரல, அவ்வளவு தான். "நரம்பு எடுத்ததால பல்லு காஞ்சு போய் உடையும்"னு நிறைய பேர் சொல்வாங்க, அதுவும் முழு உண்மை இல்ல. உடையுறதுக்கு முக்கிய காரணம் பல்லோட கெட்டியான பகுதி குறைஞ்சு போனது தான். சொத்தை கொஞ்சம் தின்னுச்சு, பழைய ஃபில்லிங் கொஞ்சம் தின்னுச்சு, ரூட் கனாலுக்கு மேல ஓட்டை போட்டப்ப இன்னும் கொஞ்சம் போச்சு.

1989-ல புடுங்கின பல்லுங்களை வெச்சு ஒரு ஆய்வு பண்ணினாங்க, எனக்கு ரொம்ப பிடிச்ச ஆய்வு. நல்லா இருக்கிற பல்லுல ரூட் கனாலுக்கான ஓட்டை மட்டும் போட்டா அதோட விறைப்பு சுமார் 5 சதவீதம் தான் குறையுது. மேல மட்டும் ஃபில்லிங் குழி வெட்டினா 20 சதவீதம். ஆனா முன்பக்க ஓரம், பின்பக்க ஓரம் ரெண்டும் போய் நடுவுல வாய்க்கால் வெட்டின மாதிரி ஆச்சுன்னா 63 சதவீதம் போயிடுது! அப்ப குற்றவாளி ரூட் கனால் இல்ல, பல்லோட ரெண்டு ஓரத்தையும் இழுத்து கட்டி வெச்சிருந்த வரப்பு போனது தான். வரப்பு போன பல்லுல நீங்க ஒவ்வொரு தடவை கடிக்கும்போதும் கன்னத்துப் பக்க சுவரும் நாக்குப் பக்க சுவரும் கண்ணுக்கு தெரியாம விரிஞ்சு விரிஞ்சு சுருங்குது, என்னைக்கோ ஒரு நாள் சும்மா சாதாரணமா மெல்லும்போது டப்புன்னு ஒரு பக்கம் பேந்து வரும். மேல மட்டும் பேந்தா அதிர்ஷ்டம். விரிசல் வேர் வரைக்கும் இறங்கினா அந்த பல்லுக்கு பெரும்பாலும் எதுவும் பண்ண முடியாது.

2002-ல வந்த இன்னொரு ஆய்வுல, ரூட் கனாலுக்கு அப்புறம் கேப் போடாத பல்லுங்க, போட்ட பல்லுங்களை விட 6 மடங்கு வேகத்துல பறிபோச்சுன்னு பார்த்திருக்காங்க. இதை அப்படியே வேதவாக்கா எடுத்துக்காதீங்க, ஏன்னா கேப் போட்டுக்கிட்டவங்க பொதுவாவே பல்லை கவனிச்சுக்கிறவங்களா இருந்திருக்கலாம், அவங்களோட பல்லே கொஞ்சம் நல்ல நிலைமையில இருந்திருக்கலாம். ஆனாலும் 6 மடங்குங்கிறதை ஒதுக்கி தள்ள முடியாது இல்லையா.

எல்லா பல்லுக்கும் கேப் வேணுமான்னா, இல்ல. முன்பல்லுல பின்னாடி ஒரு சின்ன ஓட்டை போட்டு ரூட் கனால் பண்ணி, மத்தபடி பல்லு முழுசா இருந்தா நல்ல ஃபில்லிங் போதும். கடைவாய்ப் பல்லு, அதுவும் வரப்பு போனதுன்னா, மேல மூடியே ஆகணும். முழு கேப்பா தான் இருக்கணும்னு இல்ல, அது அடுத்த கேள்வி.

கேள்வி: ஒரு டாக்டர் முழு கேப் போடணும்ங்கிறார், இன்னொருத்தர் "ஆன்லே போதும்மா, எதுக்கு நல்ல பல்லை சீவணும்"ங்கிறார். நெட்ல பார்த்தா இன்லே, ஆன்லே, ஓவர்லே, எண்டோகிரவுன்னு ஏகப்பட்ட பேரு. தலை சுத்துது டாக்டர், எது என்ன?

பதில்: பேரை விடுங்கம்மா, படத்தை மனசுல வாங்கிக்கோங்க. கடைவாய்ப் பல்லு மேல நாலஞ்சு மேடு இருக்கும், நாக்கை வெச்சு தடவினா தெரியும். குழி அந்த மேடுகளுக்கு நடுவுல மட்டும் இருந்து, அதுக்கு அளவெடுத்து வெளிய செஞ்சு கொண்டு வந்து ஒட்டினா அது இன்லே. ஒண்ணு ரெண்டு மேட்டையும் சேர்த்து மூடினா ஆன்லே. எல்லா மேட்டையும் மூடினா ஓவர்லே. பக்கவாட்டுலயும் சுத்தி சீவி பல்லு முழுக்க தொப்பி மாதிரி மாட்டினா அது தான் கிரவுன், நாம சொல்ற கேப். எண்டோகிரவுன்னா ரூட் கனால் பண்ணின பல்லுல நடுவுல இருக்கிற குழிக்குள்ள ஒரு கால் விட்டு மேல மூடுற மாதிரி ஒரே துண்டா செய்யுறது, கேப்பும் உள்ள போற ஆப்பும் ஒண்ணா சேர்ந்த மாதிரி. இவ்வளவு தான் விஷயம். எல்லாத்துக்கும் பொதுவானது என்னன்னா வாய்க்குள்ள செய்யாம, அளவெடுத்து வெளிய லேப்லயோ மெஷின்லயோ செஞ்சு கொண்டு வந்து ஒட்டுறது.

எதுக்கு வெளிய செய்யணும், பெருசா ஃபில்லிங்கே வெச்சுடலாமேன்னு அடுத்து கேப்பீங்க. சின்ன குழிக்கு வாய்க்குள்ளயே அடைக்கிறது தான் சரி, அதுல சந்தேகமே வேண்டாம். குழி பெருசாக பெருசாக தான் பிரச்சினை. பல்லு கலர் ஃபில்லிங் லைட் அடிச்சு கெட்டியாகும்போது லேசா சுருங்கும், பெரிய குழின்னா அந்த சுருக்கம் சுவரை இழுக்கும், இல்லன்னா ஓரத்துல விட்டுப் பிரியும். அது போக, பக்கத்து பல்லோட இடைவெளி இல்லாம சரியா தொட்டு நிக்கிற மாதிரி ஒரு முழு சுவரை வாய்க்குள்ள, எச்சில் ஊறிக்கிட்டு இருக்க, கையாலயே கட்டுறது எவ்வளவு கஷ்டம்னு பண்றவங்களுக்கு தான் தெரியும். வெளிய செஞ்சா டெக்னீஷியன் நாலு பக்கமும் திருப்பி பார்த்து பொறுமையா செய்யலாம், சுருங்க வேண்டியது எல்லாம் அங்கயே சுருங்கி முடிஞ்சிருக்கும், ஒட்டுற பசை மட்டும் தான் மெல்லிசா உள்ள சுருங்கும்.

இப்ப கேப்பா ஆன்லேயான்னு வருவோம். முழு கேப் போட சுத்தி சீவினா ஈறுக்கு மேல தெரியுற பல்லுல சுமார் மூணுல ரெண்டு பங்கு போயிடும், சில சமயம் அதுக்கும் மேல. ஆன்லேக்கு அதுல பாதி பக்கம் தான் போகும். அப்ப ஏன் காலங்காலமா எல்லாரும் முழு கேப்பே போட்டாங்க? பசை இல்ல, அதான். பழைய சிமெண்ட் சும்மா இடைவெளியை நிரப்பும், பிடிச்சு வெச்சுக்காது, அதனால கழண்டு வராத மாதிரி பல்லையே கூம்பா செதுக்கி வடிவத்தாலயே பிடிமானம் கொடுக்க வேண்டி இருந்துச்சு. 1955-ல புவோனகோர்ங்கிறவர் பாஸ்பாரிக் ஆசிட்டை பல்லோட கெட்டியான வெளி ஓடான எனாமல் மேல கொஞ்ச நேரம் வெச்சு கழுவினா மேற்பரப்பு சொரசொரப்பாகி பிசின் நல்லா பிடிக்குதுன்னு காட்டினார், அங்க ஆரம்பிச்சது தான் இப்ப நாம பல்லை சீவாமலே ஒட்டுற அளவுக்கு வந்து நிக்குது.

அதனால என் கட்சி என்னன்னா, சுவர் நல்லா தடியா நிக்குது, சுத்தி ஓரத்துல எனாமல் இருக்கு, வேலை பண்ற இடத்தை காய்ஞ்ச மாதிரி வெச்சுக்க முடியுதுன்னா ஆன்லே தான். ஏற்கெனவே பல்லு நாலு பக்கமும் சிதைஞ்சு கிடக்கு, இல்ல சொத்தை ஈறுக்கு கீழ போயி எச்சிலும் ரத்தமும் நிக்கவே மாட்டேங்குதுன்னா கேப் தான் பத்திரம், ஆன்லேக்கு உயிரே பசை, பசைக்கு எமன் ஈரம். உங்க ரெண்டு டாக்டர்ல யார் சரின்னு பல்லை பார்க்காம நான் சொன்னா அது ஜோசியம். ஆனா ஒரு கேள்வி கேளுங்க, "சொத்தையை எல்லாம் எடுத்ததுக்கு அப்புறம் சுவர் எவ்வளவு தடி மிஞ்சும்?" இதுக்கு எக்ஸ்ரேயோ ஃபோட்டோவோ காட்டி பதில் சொல்றவர் கிட்ட போங்க. சில சமயம் ரெண்டு பேருமே, "சொத்தையை எடுத்து பார்த்தா தான் தெரியும்"னு சொல்வாங்க, அது மழுப்பல் இல்ல, நெஜம்.

கேள்வி: எந்த கேப் பெஸ்ட்? ஜிர்கோனியாவா, ஈ-மேக்ஸா, மெட்டலா? ஒரே வரில சொல்லுங்க.

பதில்: ஒரே வரில சொன்னா தப்பாயிடும் தம்பி, ஆனாலும் சுருக்கிடுறேன். பல்லு எங்க இருக்கு, எவ்வளவு இடம் இருக்கு, நீங்க ராத்திரி பல்லை நறநறன்னு கடிக்கிற ஆளா, இந்த மூணும் தெரிஞ்சா மெட்டீரியல் தானா வந்துடும்.

ஜிர்கோனியா தான் இருக்கிற வெள்ளை கேப்புலயே முரட்டு பலம். அது செய்யுற விதமே தமாஷா இருக்கும், முதல்ல சாக்பீஸ் மாதிரி மெத்துன்னு இருக்கிற கட்டையில கேப்பை 20-25 சதவீதம் பெருசா கடைஞ்சு எடுத்து, அப்புறம் கிட்டத்தட்ட 1500 டிகிரி சூளைக்குள்ள விட்டா சரியான அளவுக்கு சுருங்கி இரும்பு மாதிரி வெளிய வரும். கடைவாய்க்கு, அதுவும் பல்லை கடிக்கிறவங்களுக்கு நான் இதைத் தான் சொல்வேன். "எதிர்ப் பல்லை தேய்ச்சுடும்"னு ஒரு பயம் இருக்கு, கண்ணாடி மாதிரி பாலிஷ் பண்ணி இருந்தா அப்படி ஒண்ணும் தேய்க்காது, ஆனா டாக்டர் கடியை சரி பண்ண மேல உரசிட்டு பாலிஷ் பண்ணாம விட்டுட்டா உப்புத்தாள் மாதிரி தேய்ச்சுடும், இதை மட்டும் கேட்டு வாங்குங்க. ரொம்ப கண்ணாடி மாதிரி ஒளி ஊடுருவுற ஜிர்கோனியாவும் இப்ப வருது, பார்க்க நல்லா இருக்கும், ஆனா அந்த பழைய முரட்டுத்தனம் அதுல இருக்காது, ரெண்டும் ஒரே பேருல விக்குது.

ஈ-மேக்ஸ்ங்கிறது ஒரு கம்பெனி வெச்ச பேரு, பொருள் லித்தியம் டைசிலிகேட். கண்ணாடி வகை. ஜிர்கோனியாவை விட பலம் பாதிக்கும் கம்மி தான், ஆனா கண்ணாடிங்கிறதால உள்பக்கத்தை ஹைட்ரோஃபுளோரிக் ஆசிட் வெச்சு அரிச்சு பல்லோட ஒண்ணோட ஒண்ணா ஒட்ட முடியும். ஜிர்கோனியாவுல இந்த ஆசிட் வேலைக்கு ஆகாது, மணல் மாதிரி பொடியை பீய்ச்சி அடிச்சு பசைக்கு முன்னாடி பூசுற தனி ப்ரைமர் போட்டு ஒட்டணும். அதனால ஆன்லே, முன்பல் இதுக்கெல்லாம் லித்தியம் தான் என் கைக்கு பழக்கம்.

மெட்டல் மேல செராமிக் பூசின பழைய வகை கெட்டது இல்ல, நிறைய வருஷம் உழைச்சிருக்கு, ஆனா மேல நிறைய சீவணும், பூச்சு சில்லு பேரலாம், ஈறு கொஞ்சம் இறங்கினா ஓரத்துல கருப்பா கோடு தெரியும். நிக்கல் அலர்ஜி இருக்கிறவங்க கண்டிப்பா முன்கூட்டியே சொல்லுங்க. தங்கத்தை யாரும் கேக்க மாட்டேங்கிறீங்க, எனக்கு அதுல ஒரு வருத்தம்! மெழுகுல செஞ்சு, அதைச் சுத்தி பூசி, மெழுகை உருக்கி வெளியேத்திட்டு உலோகத்தை ஊத்துற சிலை வார்க்கிற வித்தையை 1907-ல டாகர்ட்னு ஒரு பல் டாக்டர் இன்லே செய்ய கொண்டு வந்தார். மெல்லிசா செய்யலாம், உடையாது, எதிர்ப் பல்லு தேயாது. கலர் ஒண்ணு தான் குறை.

முன்பல்லுன்னா இன்னொண்ணு, கலர் பார்க்கிறதை முதல் வேலையா பண்ண சொல்லுங்க. வாயை திறந்தே வெச்சு வேலை பண்ணி பல்லு காய்ஞ்சதுக்கு அப்புறம் பார்த்தா நெஜத்தை விட வெள்ளையா தெரியும், அப்படி எடுத்த கேப்பு தனியா எட்டிப் பார்க்கும்.

கேள்வி: என் வீட்டுக்காரருக்கு ஒரு பல்லு ஈறு மட்டத்துக்கு உடைஞ்சு வேர் மட்டும் தான் இருக்கு. "போஸ்ட் வெச்சு கேப் போடலாம்"னு ஒருத்தர் சொல்றார், அவர் நம்பிக்கையா இருக்கார். எனக்கு பயமா இருக்கு. தாங்குமா டாக்டர்?

பதில்: உங்க பயத்துல நியாயம் இருக்கும்மா. போஸ்ட்ங்கிற கம்பி வேருக்கு பலம் கொடுக்கும்னு ரொம்ப பேர் நெனச்சுட்டு இருக்காங்க, கொடுக்காது. மேல கட்டுற கட்டடத்தை பிடிச்சுக்க மட்டும் தான் அது. இன்னும் சொன்னா, அதுக்கு எடம் பண்ண வேரை உள்ள குடையுறதுல வேர் பலவீனம் தான் ஆகும்.

பல்லு தாங்குமா தாங்காதான்னு முடிவு பண்றது பூண். உளிப் பிடி பிளக்காம இருக்க வாயில ஒரு உலோக வளையம் மாட்டி இருப்பாங்களே, அதே தான். கேப்போட ஓரம் நல்ல கெட்டியான சொந்த பல்லை சுத்தி சுமார் 2 மில்லிமீட்டர் உயரத்துக்கு இறுக்கி பிடிக்கணும், அந்த சுவரும் குறைஞ்சது 1 மில்லிமீட்டராவது தடியா இருக்கணும். அப்படி பிடிக்க பல்லு இருந்தா கடிக்கிற பளு சுத்தி பரவிடும். இல்லன்னா ஒவ்வொரு கடியும் கம்பியை நெம்புகோலா வெச்சு வேரை பிளக்கும், இல்ல கேப்பு கம்பியோட சேர்ந்து கையில வரும். மில்லிமீட்டர் கணக்கு தான், ஆனா அதுல தான் பல்லோட ஆயுசே இருக்கு.

இல்லாத பூணை உண்டாக்கவும் வழி இருக்கு. ஈறையும் கொஞ்சம் எலும்பையும் இறக்கி உள்ள மறைஞ்சிருக்கிற பல்லை வெளிய தெரிய வைக்கிறது ஒண்ணு. கம்பி கட்டி வேரை மெதுவா மேல இழுக்கிறது இன்னொண்ணு, மாசக்கணக்குல ஆகும். ரெண்டுக்கும் வேர் நீளம் போதுமான அளவு இருக்கணும். இது எதுவும் பண்ணாம ஈறுக்குள்ள ஆழமா கேப்போட ஓரத்தை சொருகி வெச்சா என்ன ஆகும்னா, எலும்புக்கு மேல சுமார் 2 மில்லிமீட்டருக்கு ஈறு பல்லோட ஒட்டிக்க இடம் வேணும், அந்த இடத்துல நாம போய் உக்காந்தா ஈறு சும்மா விடாது, எப்பவும் செவந்து வீங்கி ரத்தம் கசிஞ்சுக்கிட்டே இருக்கும்.

பூண் பிடிக்க பல்லு இல்ல, வேரும் குட்டை, இல்ல வேருலயே விரிசல்னா, எடுத்துடலாம்னு சொல்ற டாக்டர் தான் நேர்மையானவர். எடுத்துட்டு இம்ப்ளான்ட்டோ (எலும்புல திருகு வெச்சு அது மேல பல்லு), பிரிட்ஜோ (பக்கத்து பல்லுங்களைப் பிடிச்சு கட்டுற பல்லு) யோசிக்கலாம். நானும் ஒரு தடவை ஒருத்தரோட கெஞ்சலுக்கு இரங்கி பூணே இல்லாத பல்லுல கம்பி வெச்சு கேப் போட்டேன், வருஷம் திரும்பலை, வேர் ரெண்டா பிளந்து வந்து நின்னார். அவர் என்னை திட்டல, அது தான் எனக்கு இன்னும் உறுத்துது.

கேள்வி: டெம்பரரி கேப் கழண்டு வந்துடுச்சு, ஒரிஜினல் வர இன்னும் நாலு நாள் ஆகும். அப்படியே விடலாமா, வீட்டுல இருக்கிற சூப்பர் க்ளூ போட்டு ஒட்டிக்கலாமா?

பதில்: சூப்பர் க்ளூ வேண்டவே வேண்டாம் சாமி! ஈறும் புண்ணாகும், ஒரிஜினலும் உக்காராது. அப்படியே விடவும் கூடாது, நாலு நாள்ல பக்கத்து பல்லும் எதிர்ப் பல்லும் காலியான இடத்தைப் பார்த்து லேசா நகரும், அந்த லேசு போதும் புது கேப் உள்ள போகாம இருக்க. உடனே ஃபோன் போட்டு போய் ஒட்டிக்கோங்க, அஞ்சு நிமிஷ வேலை. இனிமே அந்த பக்கம் ஒட்டுற பொருளை மெல்லாதீங்க, பல்லிடுக்கை சுத்தம் பண்ண நூல் விட்டா மேல இழுக்காம பக்கவாட்டுல உருவி எடுங்க.

கேள்வி: கேப் ஒட்டி ரெண்டு வாரம் ஆச்சு, கடிக்கும்போது சுருக்குன்னு இருக்கு. ரூட் கனால் பண்ணின பல்லு, நரம்பே இல்லாம எப்படி வலிக்கும்?

பதில்: நல்ல கேள்வி. நரம்பு போனது பல்லுக்குள்ள இருந்து தான். வேரை சுத்தி எலும்போட பிடிச்சு வெச்சிருக்கிற நார் அப்படியே உயிரோட இருக்கு, ரெண்டு பல்லுக்கு நடுவுல ஒரு தலைமுடி மாட்டினாலே கண்டுபிடிச்சு சொல்ற ஆளு அது. கேப்பு துளி உயரமா இருந்தாலும் முழு கடியும் அந்த ஒரு பல்லு மேல விழும், நார் நொந்து போகும். மரத்துப் போற ஊசி போட்ட நிலையில கடிச்சு பார்த்தா சரியா தெரியாது, அதனால மறுபடி போய் கலர் பேப்பர் வெச்சு கடிச்சு காட்டுங்க, உயரம்னா உரசின உடனே ஒரு சில நாள்ல அடங்கிடும்.

அப்படி உரசியும் அடங்கலைன்னா, அதுவும் கடிக்கும்போது விட வாயை திறந்து அழுத்தத்தை விடும்போது தான் சுளீர்னா, விரிசல் சந்தேகம் வரும், நரம்போட இருக்கிற பல்லுல இது இன்னும் தெளிவா தெரியும். எக்ஸ்ரேல பெரும்பாலும் விரிசல் தெரியாதுங்கிறது தான் கொடுமை. ஒவ்வொரு மேடா தனித்தனியா கடிக்க வெச்சு கண்டுபிடிக்கணும், ஈறுல ஒரே ஒரு இடத்துல மட்டும் ஆழமா அளக்கிற குச்சி இறங்குதான்னு பார்க்கணும்.

கேள்வி: ஒரே நாள்ல மெஷின்லயே கேப் செஞ்சு கொடுக்கிறாங்களாமே, நம்பலாமா?

பதில்: நம்பலாம், இது ஒண்ணும் நேத்து முளைச்சது இல்ல. 1985-லயே சூரிச் பல்கலைக்கழகத்துல மோர்மன்னும் பிராண்டெஸ்டினியும் வாய்க்குள்ள கேமராவை விட்டு படம் எடுத்து மெஷின்ல இன்லே கடைஞ்சு அன்னிக்கே ஒட்டி காட்டிட்டாங்க. டெம்பரரி வேண்டாம், ரெண்டாவது ஊசி வேண்டாம், அளவெடுக்க மாவு மாதிரி பிசைஞ்சு வாயில வெச்சு குமட்டவும் வேண்டாம். ஆனா மெஷின் கடையுறது நாம சீவின பல்லுக்கு தான், சீவினது கோணலா இருந்தா கோணலுக்கு தகுந்த மாதிரி அழகா கடைஞ்சு கொடுக்கும். முன்பல்லுல கலரும் சாயலும் அச்சு அசலா வேணும்னா இன்னும் கை தேர்ந்த லேப் டெக்னீஷியனுக்கு தான் என் ஓட்டு. கேப் வரலாறு பேச்சு வந்ததால ஒரு துணுக்கு, 1880-கள்ல போர்சலின் கேப்பை உருவாக்கின சார்லஸ் லேண்டோட மகள் வயித்துப் பேரன் தான் 1927-ல அட்லாண்டிக்கை தனியா பறந்து கடந்த லிண்ட்பெர்க்.

கேள்வி: பத்து வருஷம் முன்னாடி போட்ட கேப்பு நேத்து கையோட வந்துடுச்சு. உள்ள கருப்பா இருக்கு, நாத்தம் வேற. கேப்புல சொத்தை வராதுன்னு தானே சொன்னாங்க?

பதில்: கேப்புல வராது, கேப்புக்கு கீழ இருக்கிற உங்க பல்லுல வரும். ஓரத்துல பசை கரைஞ்சோ, அழுக்கு சேர்ந்தோ கிருமி உள்ள போயிருக்கும், நரம்பு இல்லாத பல்லுங்கிறதால சத்தமில்லாம தின்னுருக்கும். கேப் போட்டாச்சு இனி கவலை இல்லன்னு அந்த பல்லை மறந்துடுறவங்க தான் அதிகம், நெஜத்துல மத்த பல்லை விட அதைத் தான் கேப்பும் ஈறும் சேர்ற கோட்டுல கவனமா தேய்க்கணும், இடுக்குல தினம் நூலோ சின்ன பிரஷ்ஷோ விடணும், அப்பப்ப எக்ஸ்ரே எடுத்து பார்த்துக்கணும்.

இப்ப உங்களுக்கு என்ன பண்ணலாம்னா, கருப்பை சுரண்டி எடுத்ததுக்கு அப்புறம் மேல சொன்ன பூணுக்கு பல்லு மிஞ்சுதான்னு பார்க்கணும். மிஞ்சினா புது கேப். கருப்பு கம்மியா இருந்து, சுரண்டினதுக்கு அப்புறமும் பழைய கேப்பு நல்லா உக்காந்தா சில சமயம் அதையே கூட திருப்பி ஒட்டிடலாம், அதனால டிஷ்யூல சுத்தி எங்கயாவது வெச்சு குப்பைக்கு போக விட்டுடாதீங்க, ஒரு சின்ன டப்பாவுல போட்டு கையோட எடுத்துட்டு போங்க.